நிலை இறங்கிய கதவு

தாழ்ப்பாள் விலகித்தான் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன், விரலால் தடவியும் பார்த்தாயிற்று, கம்பி முழுக்கப் பின்னால் வந்து நிற்கிறது. பிறகு ஏன் கதவு வரவில்லை. கைப்பிடியை இழுத்தால் மேல் மூலை நூலளவு அசைகிறது, கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இறுகிக் கிடக்கிறது. ஈரக்கை வழுக்குகிறது என்று துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தேன், ஐம்பத்தெட்டு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன். வரவில்லை. குளித்து முடித்துப் புடவையும் கட்டியாகிவிட்டது, அது ஒன்றுதான் நிம்மதி, யார் வந்து திறந்தாலும் மானமாக வெளியே போகலாம். யார் வருவார்கள். கடைசிச் சொம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, காலுக்குக் கீழே யாரோ விரலைச் சொடுக்கியது மாதிரி. பக்கெட் தண்ணீரில் வட்டம் வட்டமாக எழுந்து அடங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மணி மூன்றாகிவிட்டதா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஊரில் தங்கம் எடுக்கிற மைன்ஸ் ஓடின காலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே வெடி வைப்பார்கள், அலமாரியில் டம்ளர்கள் ஒரு முறை கிலுகிலுக்கும், தூளியில் தூங்குகிற குழந்தைகூட அசையாது. அது ஆள் போட்ட சத்தம், வேலை நடக்கிறது என்று சொல்கிற சத்தம். மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீர் இறைக்கிற பம்புகளை நிறுத்தினார்கள், ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுகளைக் கழற்றி இரும்புக்குப் போட்டார்கள், பூமிக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாய்களைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். கீழே ஒருத்தரும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் யார் சத்தம் போடுவது. தண்ணீர்தான் என்பார் இவர். உள்ளே தண்ணீர் ஏறி ஏறி, முட்டுக்கொடுத்த மரங்கள் ஊறி, தாங்கலுக்கு விட்டுவைத்த பாறைகள் ஒவ்வொன்றாக உட்காருகின்றன என்பார். கீழே ஏதோ உட்கார்ந்ததும் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் நிலை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதானா. இன்னொரு முறை உட்கார்ந்தால்.

"ஏங்க!" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் கூப்பிட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. இவர் என்றால் என் வீட்டுக்காரர் மாசிலாமணி, முன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது. இருபத்தாறு வருஷம் பூமிக்குள் பாறையைத் துளைத்த தூசு அவர் நுரையீரலில் கல்லாக உட்கார்ந்துவிட்டது, டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டும்போது எனக்கு அது எங்கள் ஊர் மண்மேடு போலத்தான் தெரிந்தது, வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மெஷினிலிருந்து மூக்குக்குப் போகிற டியூப் சமையலறை வாசல் வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. குளியலறை சமையலறையைத் தாண்டிப் பின்னால் இருக்கிறது. டியூப் இல்லாமல் பத்தடி நடந்தால் அவருக்கு உதடு நீலமாகிவிடும். அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். வேறு யாரைக் கூப்பிட. எங்கள் லைனில், கம்பெனி கட்டிய இந்த வரிசை வீடுகளில், இந்நேரம் ஆள் கிடையாது, விடிவதற்கு முன்னால் பெங்களூர் ரயிலைப் பிடித்துப் போனவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்பி வருவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டு ஸ்டெல்லா இருப்பாள், ஆனால் அவள் மோட்டார் மெஷினில் பை தைக்கிறவள், காதுக்குள் அந்த மெஷின்தான் ஓடும். என் போன் நேற்றிலிருந்து மார்க்கெட்டில் பேட்டரி மாற்றக் கொடுத்துக் கிடக்கிறது. அவருக்கென்று போன் இல்லை, பேச மூச்சில்லாதவனுக்கு எதுக்கு போன் என்றார். குக்கரை இறக்கினேனா. இறக்கினேன். அடுப்பை அணைத்தேனா. குமிழைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது, அது இன்றைக்குத் திருப்பியதா நேற்றுத் திருப்பியதா. வாசனை எதுவும் வரவில்லை. அணைத்திருப்பேன்.

"இன்னா." குரல் சமையலறை வாசலிலிருந்து வந்தது. டியூப் வருகிற கடைசி இடம்.

"கதவு மாட்டிகிச்சி. துறக்க வரல. நீங்க வராதீங்க, அங்கயே இருங்க."

"தாப்பா?"

"அது துறந்துதான் கீது. நிலை எறங்கிடுச்சி போல. சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

கேட்டிருக்கும். அவருக்குக் கேட்காத சத்தமா. ஏதோ தரையில் விழுகிற மெல்லிய ஓசை, டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டார், காலைத் தேய்த்துத் தேய்த்து வருகிறார். வேண்டாம் என்கிறேன், கேட்கவில்லை. கதவில் ஒரு தள்ளல். கைக்குழந்தை நெஞ்சில் உதைப்பது மாதிரி ஒரு தள்ளல், அதற்கே இருமல் வந்துவிட்டது. கதவு இம்மிகூட அசையவில்லை. அவரே செய்த கதவு. மைன்ஸ் மூடின வருஷம், உள்ளே முட்டுக்கொடுக்க வைத்திருந்த மரத்துண்டுகளை யார்யாரோ எடுத்துப்போனபோது இவரும் சைக்கிளில் கட்டி எடுத்துவந்து, இழைத்து, நாற்பது நாள் பாடுபட்டுச் செய்தார், யானை முட்டினாலும் உடையாது என்று தட்டிக் காட்டினார். அந்தக் கதவைத்தான் இப்போது உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருக்கிறார். இருமல் நீண்டுகொண்டே போகிறது, நான் மரத்தின் இந்தப் பக்கம் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். போங்க, போய் டியூபை மாட்டுங்க, தயவுசெஞ்சி போங்க. கால் தேய்கிற சத்தம் பின்வாங்கியது. சமையலறை வாசல். மூச்சு இழுக்கிற சத்தம், விசில் மாதிரி, அதன் பின்னால் மெஷினின் உறுமல். இரண்டு நிமிஷம் இருக்கும், மூன்று இருக்கும். கல்யாணமான மூன்றாம் மாசம் நான் இப்படித்தான் நின்றேன், ஷாஃப்ட் கேட்டில், மற்றப் பெண்களோடு. உள்ளே பாறை வெடித்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று சங்கு விட்டு விட்டு ஊதியது, யார் யார் என்று சொல்ல மாட்டேன் என்றார்கள். பதினோரு மணி நேரம். அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான். கூண்டு மேலே வந்தபோது மாவில் புரட்டிய ஆள் மாதிரி இறங்கினார், கண் மட்டும் சிவப்பாக இருந்தது, என்னைத் தாண்டிப் போய்விட்டார், அடையாளம் தெரியவில்லையோ என்று பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்கு வந்து சோறு கேட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்தப் பதினோரு மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

"ரூபா." மறுபடி வந்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில், கீழே. உட்கார்ந்து பேசுகிறார் போல. "கத்தாத. உக்காரு. கீழ உக்காரு."

"உக்கார்றேன். நீங்க போங்க."

"தண்ணி… கீதா உள்ள?"

"அரை பக்கெட் கீது."

"இருட்டா?"

"இல்லையே. மேல ஜன்னல்ல வெளிச்சம் வருது."

"அப்ப ஒண்ணும் ஆவாது." மூச்சு வாங்கினார். "ஸ்டெல்லாகிட்ட… போறேன்."

"வேணாம்! நான் சொல்றதக் கேளுங்க. சாயந்தரம் எப்படியும் யாராச்சும் வருவாங்க. அதுவரைக்கும் இருக்கறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. ஏங்க! டியூபு இல்லாம தெருவுக்குப் போனா விழுந்துடுவீங்க. கேக்குதா?"

கேட்டிருக்கும். கால் தேய்ந்தது. சமையலறை, பிறகு முன் அறை. வாசல் நாதாங்கி தட்டும் ஒலி. அப்புறம் ஒன்றுமில்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்கில்லாத டியூப் தரையில் கிடந்து காற்றை ஊதிக்கொண்டிருக்கும், யாருக்கும் இல்லாமல்.

எங்கள் வாசலிலிருந்து ஸ்டெல்லா வீட்டு வாசலுக்கு அறுபது அடி இருக்குமா. நான் பால் டம்ளரோடு போனால் பால் தளும்புவதற்குள் போய்விடுவேன். அவர் நின்று நின்று போவார். மின்கம்பத்தில் ஒரு முறை, பாழாய்ப்போன குழாய்க் கட்டையில் ஒரு முறை. அந்தக் குழாயில் வருகிற தண்ணீர் டீ டிகாக்ஷன் மாதிரி இருக்கும், துவைத்தால் வெள்ளைத் துணி துருப் பிடிக்கும், குடிக்காதீர்கள் என்று யாரோ சிவப்பு பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள், வேறு குழாய் போடவில்லை. இப்போது ஆடிக் காற்று வேறு. எக்கி நின்றால் மேல் ஜன்னலில் மேடு தெரிகிறது, தங்கம் பிரித்தெடுத்த பிறகு சயனைடு கலந்து கொட்டிய மண், நூறு வருஷத்து மண், சின்ன மலை உசரத்துக்கு. ஒரு செடி முளைத்துப் பார்த்ததில்லை அதில். வெளியூர்க்காரர்கள் வந்தால் அழகாக இருக்கிறது என்பார்கள், சினிமாக்காரர்கள் பாலைவனம் என்று வைத்துப் படம்பிடித்துக்கொண்டு போனார்கள், ஒரு ஒட்டகத்தைக்கூடக் கூட்டிவந்தார்கள், என் மகள் எழில் சின்னப்பிள்ளை அப்போது, ஒட்டகத்துக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் இங்கே என்று ஓடிப்போய்ச் சொன்னாளாம். மேட்டடியில் மழைத்தண்ணீர் தேங்குகிற குட்டையில் குடித்துத்தான் எங்கள் சிவப்பு மாடு வாயில் நுரை தள்ளி விழுந்தது, அவளுக்கு அது தெரியும். ஆடி வந்தால் மேட்டு மண் எழுந்து லைனுக்குள் வரும். சோற்றில் நறநறக்கும், போர்வையை உதறினால் நெடி அடிக்கும், பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பில் சொறி. கம்பெனி போய்விட்டது, கம்பெனி கொட்டிய மண் போகவில்லை. இந்தக் காற்றில்தான் அவர் வாயைத் திறந்துகொண்டு நடந்து போகிறார், மூக்கால் இழுக்கும் மூச்சு அவருக்குப் போதாது. இந்நேரம் மின்கம்பத்துக்குப் போயிருப்பார். இந்நேரம் குழாய்க் கட்டை. இந்நேரம் ஸ்டெல்லா கதவைத் தட்டியிருக்க வேண்டும். இந்நேரம் இரண்டு பேராக ஓடிவந்திருக்க வேண்டும். நூறு வரைக்கும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். வரவில்லை.

வராவிட்டால் என்ன அர்த்தம். விழுந்துவிட்டார் என்று அர்த்தம். தெருவில் குப்புற விழுந்து கிடப்பார், யாரும் இல்லாத தெரு, நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போகும். நான் கத்தினேன். ஸ்டெல்லா, ஸ்டெல்லா என்று கத்தினேன், சொம்பால் கதவை அடித்தேன், சொம்பு நசுங்கியது, கதவில் ஒரு கீறல்கூட இல்லை. தொண்டை எரிந்தது. கத்தாத, உக்காரு. உட்கார்ந்தேன். ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது எதிரே சுவரில் விரிசல் தெரிந்தது, இது பழைய விரிசல், போன மழைக்கு வந்தது, இல்லை, கீழ்ப்பகுதி புதிது, உள்ளே செங்கல் சிவப்பாகத் தெரிகிறது. முன் அறைச் சுவரிலும் ஒன்று இருக்கிறது. லைன் கோடியில் இரண்டு வீடு ராத்திரியோடு ராத்திரியாகக் குழிக்குள் இறங்கின பிறகு, ஆட்கள் அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள், ஆபீஸ்காரர்கள் வந்து எல்லா வீட்டு விரிசல் மேலும் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். கண்ணாடி உடைந்தால் நிலம் நகருகிறது என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும், வீட்டைக் காலி பண்ண வேண்டும். தினமும் காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். சித்திரையில் ஒரு நாள் பார்த்தேன், நடுவில் மயிர் மாதிரி ஒரு கோடு. தொட்டேன். இரண்டாக அசைந்தது. அன்றைக்கே அதன் மேல் காலண்டரை மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும். சொன்னால் காலி பண்ணு என்பார்கள். காலி பண்ணி எங்கே போவது. இதோ இப்போது தெரிகிறது எங்கே போவதென்று, இரண்டடி தள்ளிச் சுவர், இரண்டடி தள்ளிச் சுவர், கையை நீட்டினால் இரண்டும் எட்டுகிறது. சொல்லியிருந்தால் இன்றைக்கு இங்கே குளித்துக்கொண்டிருக்க மாட்டேன். சொல்லியிருந்தால்.

போவதற்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஓசூரில் எழில் இருக்கிறாள், மருமகன் தங்கமானவர், ஒரு அறையை எங்களுக்கென்றே ஒழித்துப் போட்டிருக்கிறார்கள், குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஐந்தாவது மாடி. போன வருஷம், மெஷின் வருவதற்கு முன்னால், காரில் படுக்கவைத்து இவரைக் கூட்டிக்கொண்டு போனோம். லிப்ட் கதவு திறந்தது. உள்ளே பார்த்தார். எழில் சிரித்துக்கொண்டே வாங்கப்பா என்று கையைப் பிடித்தாள். இவர் கையை உருவிக்கொண்டார். ஒரு நிமிஷம்தான்பா, கண்ணை மூடிக்குங்க என்றாள். இவர் திரும்பி நடந்துபோய் வண்டிகள் நிற்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார், வேர்வை சட்டையெல்லாம் நனைத்துவிட்டது. படியேறி ஐந்து மாடி போக மூச்சு இல்லை, லிப்டில் போக முடியாது. இருபத்தாறு வருஷம் கூண்டில் மைல் கணக்கில் இறங்கி ஏறின மனுஷன். மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார், எழில் தட்டில் சோறு கொண்டுவந்து கொடுத்தாள், வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே நின்றான், எனக்கு அவமானமாக இருந்தது. ஆமாம், அவமானம்தான். சாயந்தரம் திரும்பிவந்துவிட்டோம். வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை நான். அந்த ஒரு நிமிஷத்தை உன்னால் தாங்கிக்கொள்ள முடியாதா, எனக்காக, ஒரே ஒரு நிமிஷம், என்று உள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போதும் கேட்கிறேன். அவரால்தான் இங்கே இருக்கிறேன், இந்த வீட்டில், இந்த மண்ணில், இந்த நாலு சுவருக்குள். அவர் இல்லையென்றால் போன வருஷமே போயிருப்பேன். அவர் இல்லையென்றால். விழுந்துதான் கிடக்கிறார் என்றால், இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்றால், பாவம், அவருக்கும் நிம்மதிதான், காரியம் முடிந்து பதினாறு கழிந்ததும் இரண்டு பையோடு ஓசூருக்குப் போய்விடலாம். லிப்டில் ஏறி ஐந்தாம் நம்பரை அழுத்துவேன். என் கை நிற்கிறது. எதில் நிற்கிறது என்று பார்த்தால், மூலைச் சட்டியில் ஊறப்போட்டிருந்த அவர் பனியனைக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. மார்புப் பக்கம் கசக்கி, கழுத்துப் பக்கம் கசக்கி, நுரை வருகிற அளவுக்கு. என்ன நினைத்தேன் இப்போது. ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தாய். பயத்தில் வந்தது. பயத்தில் வந்ததற்கு ஐந்தாம் நம்பர் எப்படித் தெரியும்.

மறுபடியும் அது. விரல் சொடுக்கு இல்லை இந்த முறை, முதுகெலும்பில் நெட்டி முறிகிற மாதிரி நீளமாக. கூரைச் சந்திலிருந்து காரை பொத்தென்று தோளில் விழுந்தது. பக்கெட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பச்சை பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் பச்சையாகத் தெரிகிறது, என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்கிறது, காதுக்குப் பக்கத்தில் இன்னொருத்தர் மூச்சு விடுகிற மாதிரி. தண்ணீரைக் கொட்டியிருக்கக் கூடாது, தண்ணி கீதா என்று கேட்டாரே. கீழே எவ்வளவு ஆழம் இருக்கும். மைல் கணக்கு என்பார்கள். நேர் கீழே இல்லை, வீட்டுக்கு அடியில் இருப்பவை பழைய மேல்மட்டத் தோண்டல்கள், வெள்ளைக்காரன் காலத்தியவை, வரைபடம்கூட இல்லை என்று ஆபீஸ்காரர் ஒருத்தர் வாய் தவறிச் சொன்னார். வரைபடம் இல்லாத குழியில் விழுந்தால் எங்கே தேடுவார்கள். யார் தேடுவார்கள். அவர் தெருவில் கிடக்கிறார். அவரை நான் கொன்றேனா. போகாதீங்க என்று சொன்னேனே, இரண்டு முறை சொன்னேன், மூன்று முறை. நினைத்தது அதற்கு அப்புறம்தான். அப்புறம் நினைத்தால் கணக்கில் வராதா. கடவுளே அவர் விழுந்திருக்கக் கூடாது. விழுந்திருந்தாலும் மூச்சு இருக்க வேண்டும். லிப்ட் வேண்டாம் எனக்கு, ஓசூர் வேண்டாம், இங்கேயே இந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். பொய். அதுவும் பொய். வெளியே போனால் மறுபடி வேண்டும் என்றுதான் இருக்கும். இரண்டும் எப்படி ஒரே நெஞ்சில் இருக்கிறது. மெஷின் ஓடுகிறதா. ஓடுகிறது. கரண்ட் இருக்கிறது. கரண்ட் இருந்து என்ன, மனுஷன் இல்லையே அதற்கு முன்னால்.

"ரூபாக்கா! ரூபாக்கா, உள்ளதான கீறீங்க?"

ஸ்டெல்லா. நான் பக்கெட்டை எடுக்காமலே கத்தினேன், அது என் காதையே அடைத்தது. "அவரு எங்க? ஸ்டெல்லா, அவரு எங்கடி?"

"எங்க வூட்லதான்கா. உக்கார வெச்சிருக்கறேன். நீங்க செவுரு ஓரமா நில்லுங்க. அண்ணா, இந்தப் பக்கம் நெம்புங்க, இந்தப் பக்கம்."

உக்கார வெச்சிருக்கறேன் என்றால் உயிரோடு. உட்கார்ந்த மாதிரியும் போவார்கள் மனுஷர்கள். கடப்பாறை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைகிற சத்தம், ஒவ்வொரு நெம்பலுக்கும் விரிசலிலிருந்து மண் கொட்டுகிறது, வீடே வந்துவிடும் போல இருக்கிறது, நிறுத்துங்க என்று சொல்ல வாய் வருகிறது, நிறுத்தாதீங்க என்றும் வருகிறது. நிலை பிளந்தது. கதவு சாய்ந்து ஒரு ஆள் நுழைகிற சந்து விட்டது. கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் வேர்வையோடு நிற்கிறார், தெரு முனையில் வண்டியோடு போனவரை ஸ்டெல்லா ஓடிப்போய் மறித்திருக்கிறாள். "வெளிய வாங்கம்மா, மொதல்ல வெளிய வாங்க, அப்புறம் அழுவலாம்" என்றார் அவர். நான் அழுவது எனக்குத் தெரியவில்லை. சமையலறையில் குமிழ் அணைந்துதான் இருந்தது. சமையலறை வாசலில் டியூப் தரையில் கிடந்தது. மெஷினைக் கையோடு தூக்கிக்கொள்ளச் சொன்னேன் அந்த ஆளை. தெருவில் நடக்கும்போது ஸ்டெல்லா மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் எப்பவோ வந்துட்டாருக்கா. வாசல்ல நிக்கறாரு. வாயத் துறக்கறாரு, சத்தமே வரல. நான் தண்ணி வேணுமான்றேன், தலய ஆட்டறாரு. நெஞ்சு வலியான்றேன், ஆட்டறாரு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, உக்கார வெச்சி முதுவத் தடவிக்கினே கீறேன், அவரு என் கையத் தட்டிவுட்றாரு. மறுபடி எழுந்திரிக்கறாரு, மறுபடி உக்கார்றாரு. கடசில இன்னா பண்ணாரு தெரியுமா, எழுந்து போயி எங்க வாசக்கதவ உள்பக்கமா சாத்திட்டாரு. சாத்திட்டு உள்ள நின்னுக்கினு கதவ ரெண்டு கையாலயும் படபடன்னு அடிக்கறாரு. புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்கா. அப்புறம்தான் எனக்கு பட்டுது. அக்கா உள்ள மாட்டிக்கினாங்களான்னேன். அப்படியே கீழ உக்காந்துட்டாரு."

ஸ்டெல்லா வீட்டில் தைத்த பைகளின் குவியலில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம், நகம் நீலம், கண் என்னைப் பார்த்தது. மெஷினைச் சொருகி டியூபை மாட்டினேன், அவசரத்தில் ஒரு முனை கன்னத்தில் குத்தியது. மேல்சட்டைப் பித்தானைக் கழற்றினேன். விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. சிலிண்டர் ஆள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்த வீட்டுக்குள் மறுபடி போகாதீங்கம்மா, செவுரு சரியில்ல என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லா டீ வைக்க உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேர். அவர் உதட்டில் நிறம் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் வந்ததும் பேசினார்.

"உள்ள… இன்னா நெனச்ச?"

"ஒண்ணும் நெனக்கல. பேசாதீங்க இப்ப."

கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மூடின கண்ணோடேயே சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் மூச்சு வாங்கி வாங்கி. "அன்னிக்கி உள்ள… என்கூட சின்னராஜின்னு ஒருத்தன்… மாட்டிக்கினான். கல்லுக்கு அந்தாண்ட அவன். ஏழு மணி நேரம்… உசுரோட கீறான். அவன் மூச்சு வாங்கறது… எனக்குக் கேட்டுக்கினே கீது. இவன் போய்ட்டான்னா… காத்து எனக்கு மிஞ்சும்னு நெனச்சேன். நெனச்சிக்கினே இருந்தேன்." நிறுத்தினார். "போய்ட்டான்."

ஷாஃப்ட் கேட்டில் ஒரு பெண் பெயர் சொல்லிக் கத்தி மண்ணில் புரண்டாள், அவள் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை, நான் அவளைத் தாண்டி இவர் பின்னால் ஓடினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் சாப்பிட்ட சோறு. எழுந்து எழுந்து வெளியே போனது. எல்லாம் இத்தனை வருஷமாக இவருக்குள் கல்லோடு கல்லாகக் கிடந்திருக்கிறது. நான் சேலையை மடியில் மடித்தேன், பிரித்தேன். சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நானும் நெனச்சேன்" என்றேன். "உங்கள."

கண்ணைத் திறக்கவில்லை. மார்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. திரைச்சீலையை விலக்கி ஸ்டெல்லா தலையை நீட்டினாள்.

"அக்கா, அண்ணனுக்கு சக்கரை எவ்ளோ?"

"ஒரு ஸ்பூன் போடு" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ரெண்டு போடச் சொல்லு" என்றார் இவர்.